வரிசையில் நிற்பது எப்படி: கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாக அலைபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதம் ஒரு முறை அம்மாவைக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வருகிறேன். ஐந்து வருடமாகிறது. சீட்டு, டாக்டர், ரத்தம், மாத்திரை என்று ஒரே நாளில் நாலைந்து வரிசை. மறுநாள் ரேஷன் கடையில் இன்னொன்று. இப்போதெல்லாம் சொந்தத்தில் யாராவது முதல் தடவை போவதென்றால் "நீயும் கூட வாயேன்" என்று கூப்பிடுகிறார்கள்.

அப்படிக் கூடப் போனதில் ஒன்று தெரிந்தது. புதிதாக வருபவர்கள் சண்டையில் மாட்டுவதும், பாதி நாளைத் தொலைப்பதும் முரட்டுத்தனத்தால் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நிற்பதால்தான். கீழே உள்ள படிகளில் பாதி, எப்போது யாரிடம் என்ன பேசுவது என்பதைப் பற்றியவை.

1. வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

கவுண்டரில் நீங்கள் பையைத் துழாவும் ஒவ்வொரு நிமிடமும் பின்னால் நிற்கிற முப்பது பேருக்கும் ஒரு நிமிடம். அதனால் வரிசை மரியாதை வீட்டில், முந்தின நாள் இரவே ஆரம்பிக்கிறது.

காகிதங்களைக் கேட்கப்படும் வரிசையில் ஒரே கவரில் வையுங்கள். ஆதார் நகல் இரண்டு. பேனா இரண்டு, ஒன்று உங்களுக்கு, இன்னொன்றை யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். 10, 20, 50 ரூபாய் நோட்டுகள் கொஞ்சம். மொபைலில் சார்ஜ். தண்ணீர். சர்க்கரை நோயாளி கூட வந்தால் குளுக்கோஸ் பொட்டலமோ நாலு மிட்டாயோ உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். வெறும் வயிற்றில் நிற்பவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் கடை தேடி ஓட முடியாது.

ரேஷன் கடைக்கு என்றால், குடும்ப அட்டையில் பெயரும் ஆதாரும் இணைந்திருப்பவர்தான் போக வேண்டும். விடுமுறைக்கு வந்த மருமகனை அனுப்பிவிட்டு, அவர் கைரேகை ஏற்கவில்லை என்று கவுண்டரிலிருந்து போன் போட்டுப் பேசும் வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ரயில் முன்பதிவுக்குப் படிவத்தை நிரப்பிக்கொண்டு நில்லுங்கள். ஒரு படிவத்தில் 6 பேர், தட்கல் என்றால் 4 பேர். வண்டி கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி வகுப்புத் தட்கலும், 11 மணிக்கு ஏசி இல்லாத வகுப்புத் தட்கலும் திறக்கும். இது தெரியாமல் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு வந்தவர் 10.05-க்கு ஜன்னலை அடைந்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நிற்பார். அப்படி ஆகிவிட்டால், பின்னால் ஏசி டிக்கெட்டுக்கு நிற்பவர்களை முன்னே விட்டுவிட்டு, "11 மணிக்கு முதல் ஆள் நான்" என்று அடுத்தவரிடம் சொல்லிவிட்டு ஒதுங்குவதுதான் முறை.

2. நிற்பதற்கு முன் ஒரு நிமிடம் சுற்றிப் பார்க்க வேண்டும்

கூட்டத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் அதன் வாலைப் பிடிப்பது எல்லாரும் செய்கிற தவறு. நானும் செய்தேன். ஒரு மருத்துவமனையில் முக்கால் மணி நேரம் நின்று முன்னால் போன பிறகுதான் அது பழைய சீட்டைப் புதுப்பிக்கிற வரிசை என்று தெரிந்தது. பலகை இருந்தது. அதன் மேல் யாரோ ஒரு குடையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

யாரிடம் கேட்பது? வரிசையின் கடைசியில் நிற்பவரிடம் கேட்காதீர்கள். அவரும் உங்களைப் போலவே கூட்டத்தைப் பார்த்து வந்தவராக இருக்கலாம். கவுண்டரை முடித்துக் கையில் சீட்டோடு திரும்பி வருபவரிடம் கேளுங்கள். "இது புது சீட்டுக்கான லைன்தானுங்களா? என்னென்ன கேட்டாங்க?" இந்த இரண்டு கேள்வி போதும்.

கவுண்டரிலேயே கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பக்கவாட்டில் போய், ஊழியரிடம் பேசுவதற்கு முன் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துச் சொல்லுங்கள்: "ஒரு சந்தேகம்தாங்க, சீட்டு வாங்கலை." அவர்களிடம் சொல்லாமல் தலையை உள்ளே நீட்டினால், நீங்கள் நேரம் கேட்கத்தான் வந்திருந்தாலும் திருட்டுத்தனமாக நுழைந்தவராகத்தான் தெரிவீர்கள். கேள்வி முடிந்ததும் விலகிவிட வேண்டும். "அப்படியே இதையும் போட்டுக் குடுத்துடுங்க" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது.

60 வயதைத் தாண்டியவர் கூட இருந்தால் தனி வரிசை உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 20-ஆம் பிரிவு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை இருக்க வேண்டும் என்கிறது. சலுகை கேட்பதாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் அந்த வரிசையில் பெரியவர் நிற்க வேண்டும். அவரை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு அவர் ஆதாரை ஆட்டிக்கொண்டு முப்பது வயது மகன் நிற்பதைப் பார்த்தால் மற்ற பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், நியாயம்தான். நடக்க முடியாதவர் என்றால் அவர் இருக்கும் இடத்தைக் கையால் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

மூன்று ஜன்னலுக்கு மூன்று தனி வரிசை இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். மூன்றில் ஒன்றுதான் வேகமாக நகரும். அது உங்களுடையதாக இல்லாமல் போகும் வாய்ப்பே அதிகம். தாவித் தாவி இரண்டிலும் இடத்தை விட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

3. கடைசி ஆள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்

எல்லா வரிசையும் நேர்கோடாக இருக்காது. பெஞ்சில் நாலு பேர், தூண் ஓரம் இரண்டு பேர், வேப்பமர நிழலில் ஐந்து பேர் என்று சிதறி நிற்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கும்பல். உள்ளே இருப்பவர்களுக்கு யாருக்கு அடுத்து யார் என்று துல்லியமாகத் தெரியும். இதைப் புரிந்துகொள்ளாமல் காலியாக இருக்கிற ஜன்னலடியில் போய் நிற்பதுதான் புதியவர்கள் திட்டு வாங்கும் முதல் இடம்.

எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேளுங்கள்: "கடைசியா வந்தது யாருங்க?" யாராவது கை காட்டுவார்கள். "சரிங்க, உங்களுக்கு அடுத்து நான்" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு விஷயம்: அவருக்கு முன்னால் யார் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் இருப்பவர் மனசு மாறி வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் நூல் அறுந்துவிடும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. அடுத்து ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்டால் நீங்கள் கையைத் தூக்க வேண்டும். மொபைலில் மூழ்கியிருந்து இதைத் தவறவிட்டால் உங்கள் இடத்தில் இரண்டு பேர் உருவாகிவிடுவார்கள்.

சித்திரை, வைகாசியில் வரிசை வெயில் விழுகிற துண்டை மட்டும் தாண்டி, நிழலுக்கு நிழல் நிற்கும். நடுவில் வெற்றிடம் மாதிரித் தெரியும். அது வெற்றிடம் இல்லை.

4. நிற்கும்போது

முன்னால் நிற்பவருக்கும் உங்களுக்கும் ஒரு கை தூரம். நெருங்கினால் அவருக்கு எரிச்சல், பெண்கள் என்றால் அதைவிட மோசம். ரொம்ப விட்டால் "லைன்ல இருக்கீங்களா இல்லையா?" என்று ஒருவர் நடுவில் வந்துவிடுவார். ஏடிஎம்மில் மட்டும் கதவுக்கு வெளியே. உள்ளே இருப்பவருக்கு எப்படிப் பணம் எடுப்பது என்று தெரியாவிட்டாலும், அவராகக் கூப்பிட்டால் ஒழிய உள்ளே போக வேண்டாம்.

பையை முதுகில் மாட்டினால் திரும்பும்போது பின்னால் இருப்பவர் முகத்தில் இடிக்கும், முன்னால் மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த குடையை மடக்கி உங்கள் காலடியில் பிடியுங்கள், அடுத்தவர் காலில் சொட்டக் கூடாது. வீடியோவைச் சத்தமாக ஓடவிடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு ஒரே நிலையில் நிற்காதீர்கள். ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். குதிகாலை அவ்வப்போது தூக்கி இறக்கினால் போதும்.

5. இடத்தை விட்டுப் போவதும் இடம் பிடித்து வைப்பதும்

பை, செங்கல், செருப்பு, குடம். நம் ஊரில் இவையெல்லாம் வரிசையில் நிற்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். அநியாயம் இல்லை, ஆனால் அதற்கு எழுதாத நிபந்தனை ஒன்று இருக்கிறது: பொருள் நிற்கலாம், ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். கடை திறக்கும்போதோ லாரி வரும்போதோ ஆள் இல்லையென்றால் அந்தச் செங்கல் வெறும் செங்கல்தான்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்த பிறகு எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. தண்ணீர் லாரிதான். முதல் நாள் குடத்துக்குக் குடம் அடிதடி. மறுநாள் தெருப் பெண்களே முடிவு செய்தார்கள்: வீட்டுக்கு இரண்டு குடம், லாரி நிற்கும்போது குடத்துக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், மற்றவர் குடத்தை நகர்த்தலாம் ஆனால் தாண்டக் கூடாது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. இன்றைக்கும் பொருள் வைத்து இடம் பிடிக்கிற எந்த இடத்திலும் இந்த மூன்றும் செல்லும்.

நீங்களே நின்றுகொண்டிருந்து, கழிப்பறைக்கோ டீக்கோ போக வேண்டுமானால் முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் இருவரிடமும் சொல்லுங்கள். புதியவர்கள் முன்னால் இருப்பவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது அவர் வேலை முடிந்து போயிருப்பார். உங்களைத் திரும்ப உள்ளே விடுவதால் காத்திருக்கப் போவது பின்னால் இருப்பவர்தான். ஆகவே அவர் சம்மதம்தான் கணக்கு. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் வேலை என்றால் இடத்தைக் கேட்க உரிமையில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் நன்றி சொல்லுங்கள், விடாவிட்டால் கடைசிக்குப் போங்கள்.

ஒருவர் நின்று, பிறகு குடும்பம் வந்து சேர்வது? ஒரே சீட்டு, ஒரே வேலை என்றால் தப்பில்லை. ஐந்து பேர், ஐந்து வேலை என்றால் அது ஐந்து இடம். கோயில் வரிசையில் தாத்தா ஒருவரை நிறுத்திவிட்டு, கம்பித் தடுப்புக்கு அடியில் குனிந்து எட்டுப் பேர் வந்து சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். தாத்தா பாவம், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார். சேர்ந்து போகத்தான் ஆசை என்றால் தாத்தா பின்னால் வந்து குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளட்டும்.

6. யாரை முன்னே விடுவது, எப்படி விடுவது

கைக்குழந்தை, கர்ப்பிணி, மூச்சு வாங்கும் நோயாளி, யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் விடும் முறையில் ஒரு தவறு நடக்கிறது. நீங்கள் ஒருவரை முன்னால் விட்டால் உங்கள் நேரத்தை மட்டும் கொடுப்பதில்லை, பின்னால் நிற்கிற எல்லாருடைய நேரத்தையும் கொடுக்கிறீர்கள். அதனால் திரும்பிப் பார்த்து "இந்த அம்மாவை விட்டுடலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் விட்டால்தான் மறுப்பார்கள். அவசரம் எதுவும் இல்லாத நண்பருக்கு இரக்கப்பட்டால், உங்கள் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு அவர் இடத்துக்கு நீங்கள் போங்கள். அப்போது யாருக்கும் நஷ்டமில்லை.

ரத்தப் பரிசோதனை வரிசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு இரண்டு முறை ரத்தம் எடுப்பார்கள். முதல் தடவை வெறும் வயிற்றில், குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல். இரண்டாவது, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து. அந்த 2 மணி நேரம் முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து கணக்கு. கை கழுவிய நேரத்திலிருந்து இல்லை. பலர் சரியாக 2 மணி நேரம் ஆனதும் வந்து வரிசையில் நிற்கிறார்கள். வரிசை அரை மணி நேரம் என்றால் இரண்டரை மணி நேரத்து ரத்தம்தான் போகும், அளவு மாறிவிடும். காலையில் முதல் ரத்தம் கொடுக்கும்போதே வரிசை எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்து, அந்த நேரத்தைக் கழித்துக்கொண்டு வந்து நில்லுங்கள். 8.30-க்கு இட்லியில் கை வைத்தால் 10 மணிக்கே வரிசையில் இருக்க வேண்டும்.

நீங்கள் வேறு பரிசோதனைக்கு நிற்பவராக இருந்து, பின்னால் ஒருவர் "எனக்கு ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சுங்க" என்றால் விட்டுவிடுங்கள். அவர் அவசரக்காரர் இல்லை; நேரம் தவறினால் நாளைக்கு மறுபடி கடலூரிலிருந்து வர வேண்டியவர்.

7. நடுவில் நுழைபவரிடம் பேசுவது

முதலில் பேச வேண்டியவர், நுழைந்தவருக்கு நேர் பின்னால் மாட்டிக்கொண்டவர். பத்தாவது ஆள் அங்கிருந்து கத்தினால் அது பஞ்சாயத்தாகிவிடும், ஊழியர் ஜன்னலை மூடிவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

முதல் வாக்கியம், அவருக்குத் தெரியாது என்கிற நினைப்பில் இருக்க வேண்டும்: "அண்ணே, லைன் அந்தத் தூண்கிட்டேருந்து வருது. கடைசி அந்தப் பச்சைச் சட்டைக்காரர்." இதில் இரண்டு வேலை நடக்கிறது. அவர் மானம் போகாமல் விலக ஒரு வழி கிடைக்கிறது. எங்கே போக வேண்டும் என்றும் தெரிந்துவிடுகிறது. "கண்ணு தெரியலையா? நாங்கள்லாம் பைத்தியக்காரங்களா?" என்று ஆரம்பித்தால், தெரியாமல் வந்தவரும் வீம்புக்கு அங்கேயே நிற்பார். பெரியவர் என்றால் ஐயா, அம்மா. நடுத்தர வயது என்றால் அண்ணே, அக்கா. சின்னப் பையன் என்றால் தம்பி. "யோவ்" வந்த இடத்தில் வரிசை நின்றுவிடும்.

"ஒரே ஒரு கையெழுத்துதான்" என்று வருபவருக்கு என் பதில்: "எல்லாருக்கும் ஒரே ஒரு கையெழுத்துதாங்க." சிரித்துக்கொண்டு சொன்னால் வேலை செய்கிறது.

இரண்டாம் தடவை சொல்லியும் நகராவிட்டால் காவலாளியிடமோ கவுண்டரிலோ சொல்லுங்கள். கையைப் பிடிக்காதீர்கள், தோளைத் தொடாதீர்கள். தொட்ட நிமிடத்திலிருந்து பேச்சு வரிசையைப் பற்றி இருக்காது.

உங்களையே யாராவது "லைன்ல வாங்க" என்று சொன்னால்? "தெரியாம வந்துட்டேங்க" என்று சொல்லி நகருங்கள். ஒரு நாள் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது என்னை அப்படி ஒரு பாட்டி விரட்டினார். என் இடம்தான் அது. பின்னால் நின்றவர் சாட்சி சொல்லும்வரை நான் பேசவில்லை. அவர் சொன்னதும் பாட்டியே கையைப் பிடித்து இழுத்து நிறுத்திக்கொண்டார்.

8. ஜன்னலை அடைந்ததும்

முன்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கும்போதே காகிதங்களை வெளியே எடுங்கள். போன் பேச்சை முடியுங்கள். ஸ்கேன் செய்து பணம் கட்டுவதாக இருந்தால் சிக்னல் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

ரேஷன் கடையில் விரலைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள். ஈரமோ எண்ணெயோ இருந்தால் ரேகை விழாது. உழைத்துத் தேய்ந்த விரல்களுக்கு எப்படியும் நாலைந்து தடவை ஆகும். மூன்று தடவை விழவில்லை என்றால் "அடுத்தவங்களுக்குப் போடுங்க, நான் கை கழுவிட்டு வரேன்" என்று பக்கத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம். ஒதுங்கியவரை அடுத்த ஆளுக்குப் பிறகு சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். மறுபடி கடைசிக்கு அனுப்புவது கொடுமை.

பெயர், வயது, மீதிச் சில்லறை இவற்றை ஜன்னலிலேயே சரிபாருங்கள். பிழை இருந்தால் அங்கேதான் திருத்த முடியும். காகிதத்தை மடித்து அடுக்குவது, பர்ஸை மூடுவது எல்லாம் இரண்டு அடி தள்ளிப் போய். போகும்போது ஒன்று செய்யலாம்: "ஜெராக்ஸ் ரெண்டு கேட்கிறாங்க" என்று பின்னால் நிற்பவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். யாராவது ஒருவர் இப்போதே ஓடிப்போய் எடுத்து வந்துவிடுவார்.

9. வரிசையே இல்லாத இடங்கள்

பேருந்து. இறங்குபவர்கள் இறங்கும்வரை படியை அடைக்காதீர்கள். அவர்கள் இறங்கினால்தான் இடமே உண்டாகும். புதுச்சேரியில் ஏறி அரியாங்குப்பம், தவளக்குப்பத்தில் இறங்குபவர்கள் நடுவில் போய் மாட்டிக்கொள்ளாமல் படிக்குக் கொஞ்சம் உள்ளே நிற்கலாம். ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. உட்கார்ந்தவருக்குத்தான் சீட். ஆனால் துண்டின் சொந்தக்காரர் வயசானவரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினால் எழுந்துவிடுவேன்.

வடலூர் தைப்பூசம். ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுவது ஒரு முறை அல்ல, ஆறு முறை: காலை 6, 10, மதியம் 1, இரவு 7, 10, மறுநாள் காலை 5.30. குழந்தை, பெரியவர்களோடு போகிறவர்கள் காலை 6 மணிக்கே நெருக்கியடித்து நிற்க அவசியமில்லை.

கடைசியாகப் பந்தி. திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளன்று ஒரே காலையில் பல கல்யாணம். மண்டபங்களில் இடம் பிடிக்க அடிதடி. சாப்பிடுபவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நிற்பது நமக்குப் பழகிப்போன காரியம். ஆனால் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சாப்பாடு இறங்காது. ரசத்தோடு எழுந்துவிடுவார், மோர் வேண்டும் என்றாலும் கேட்க மாட்டார்.

நான் செய்வது இதுதான். வாசலில் நிற்பவரிடம் "அடுத்த பந்தி எத்தனை நேரம் ஆகும்?" என்று கேட்பேன். பந்தி முடிகிற நேரத்தில் வரிசையின் ஓரத்தில், சுவரை ஒட்டி நிற்பேன். இலையை மூடும்வரை யார் பக்கமும் போவதில்லை. இலை மூடி, அவர் எழுந்து, இலை எடுத்து மேசை துடைத்த பிறகுதான் நாற்காலியைத் தொடுவேன். அம்மா கூட இருந்தால் பரிமாறுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "தம்பி, அம்மா மாத்திரை போடணும், அடுத்த பந்தியில ஓரத்துல ஒரு இடம் வேணும்." இதுவரை இல்லை என்று சொன்னவர் கிடையாது. ஒரு கல்யாணத்தில் மட்டும், பந்தி தொடங்கும் முன்பே சமையல்கட்டில் ஒரு ஸ்டூல் போட்டு அம்மாவை உட்கார வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு வடை இரண்டு கூடுதல்.